நீல டிரம்மின் மூடி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மீன் தொட்டியில் உப்பளவு 1.025. வெப்பம் 26.5.

கொளத்தூர் வண்ணமீன் கடைக் கலீல் பாய் ஒருவழியாக மீனைக் கொடுத்துவிட்டார். "எழுதி வைங்க சார். மீன் வாயத் தொறந்து சொல்லாது. நோட்டுதான் சொல்லும்" என்று கடை வாசல்வரை வந்து சொன்னார். அதற்காகத்தான் இந்த நோட்டு. முத்திரை ஆய்வாளர் வேலையில் இருபத்திரண்டு வருஷமாகக் கடைகடையாகத் தராசைச் சோதித்து எழுதிப் பழகிய கை இது. ஒரு மீனைப் பற்றி எழுதுவது பெரிய காரியமில்லை.

புது நோட்டு வாங்கவில்லை. அலமாரியில் ஒரு அறிவியல் ரெக்கார்டு நோட்டு இருந்தது. ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் படம் வரைய வெறும் தாள். முதல் நான்கு பக்கங்களில் செம்பருத்தியின் பாகங்களும் மண் வகைகளும் இருக்கின்றன. அவற்றைக் கிழிக்கவில்லை. ஐந்தாம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

மீனின் பெயர் மாண்டரின். சுண்டுவிரல் நீளம்தான். நீல உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள், முகத்தில் பச்சை. பெட்டியிலுள்ள எல்லாக் கலர் பென்சிலையும் ஒரே படத்தில் தீர்த்துவிட்ட மாதிரி இருக்கிறது. நீந்துவது குறைவு. வயிற்றுத் துடுப்புகளை ஊன்றிக் கல்மேல் நடக்கிறது.

இதன் சங்கடம் சாப்பாடு. கடையில் விற்கும் தீனி எதையும் தொடாது. உயிர்க்கல் என்று கடலிலிருந்து எடுத்துத் தொட்டியில் வைக்கும் கல்லில் தானாகப் பெருகும் பூச்சிகள் உண்டு, கடுகைவிடச் சிறியவை. நாள் முழுக்கக் கல்லைக் கொத்தி அவற்றைத்தான் தின்னும். பூச்சி தீர்ந்தால், எதிரே விருந்தே வைத்தாலும் கொத்திக்கொண்டே பட்டினியில் சாகும். அதனால்தான் போன வருஷம் ஜூலையில் கேட்டபோது பாய் கொடுக்க மறுத்துவிட்டார். தொட்டி முதிரட்டும், கல்லில் பூச்சி பெருகட்டும், ஒரு வருஷம் பொறுங்கள் என்றார். அன்று கடையில் நாங்கள் இரண்டு பேர் நின்றோம். இன்று நான் மட்டும் போனேன். பாய் எனக்குப் பின்னால் வாசலை ஒரு தடவை பார்த்தார். பையின் வாயை இரண்டு தடவை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

மனைவி சுகந்தி எட்டிப் பார்த்துவிட்டு, இதுதானா என்றாள். இதுதான் என்றேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

1.025. 26.4. காலை ஏழிலிருந்து ஏழரைவரை எண்ணினேன். எண்பத்து நான்கு கொத்து. வயிறு உருண்டையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

1.026. தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறுகிறது. இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றினேன்.

நோட்டு என்று எழுதினால் ஒழுங்காக எழுத வேண்டும். தாரிணி எங்கள் மகள். ஒரே பிள்ளை. பதினொரு வயது. போன நவம்பர் ஒன்பதாம் தேதி, தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள். வீட்டில் நான்கு நாள், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். இதை இங்கே ஒரு தடவை எழுதிவிட்டால் மறுபடி எழுத வேண்டியிருக்காது.

கடையில் இந்த மீனைப் பார்த்த அன்றைக்கே அவள் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள். ஒரு வருஷம் பொறு, கண்டிப்பாக வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. மீன் என்றே எழுதுகிறேன்.

தொட்டிக்கு ஊற்றுவதற்கான நல்ல தண்ணீரைப் பின் பால்கனியில் டிரம்மில் பிடித்து வைப்பது வழக்கம். முன்பு நீல டிரம் ஒன்று இருந்தது. அதன் மூடி தொலைந்துவிட்டது. எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இப்போது வெள்ளை டிரம், திருகு மூடி. அதன்மேல் பழைய வேட்டித் துணியைப் போர்த்திக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். காலையும் மாலையும் முடிச்சைப் பார்த்துவிடுவேன்.

ஆகஸ்ட் 14, புதன்

1.025. 26.8. கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டுச் சமாளித்தேன்.

சுகந்தியின் நேர ஒழுங்கை மெச்ச வேண்டும். காலை ஆறு, மாலை ஐந்து. கையில் கொசு மருந்து டப்பா. திரைச்சீலை மடிப்பு, கட்டிலுக்கு அடியில், செருப்பு அலமாரி, தொட்டி நிற்கும் மேசையின் பின்பக்கம், கடைசியில் பின் பால்கனி. முன்பு ராத்திரியில் படுக்கையறையில் மட்டும்தான் அடிப்பாள்; அந்தக் கொசு பகலில்தான் கடிக்கும் என்று போன மாதக் கடைசியில் யாரோ சொன்னதிலிருந்து வீடு முழுக்க, இந்த நேரம். அவள் மருந்தடித்த பிறகு எங்கள் வீட்டுக்குள் ஒரு கொசு வந்தால், வழி தவறி வந்ததாகத்தான் இருக்கும். பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை ஜனவரியில் விட்டுவிட்டாள். தாரிணி படித்த பள்ளிக்கூடம்தான் அது. மருந்தடிப்பது ஒன்றுதான் இப்போது அவள் தவறாமல் செய்கிற வேலை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

1.025. 26.5. நல்ல நாள்.

காலையில் காபி டம்ளரோடு சுகந்தி தொட்டி முன்னால் வந்து நின்றாள். மீன் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போனது. "நீந்த மாட்டேங்குது பாருங்க. மார்க்கெட்டுக்குப் போற மாதிரி நடக்குது" என்றாள். காபி ஆறும்வரை நின்றாள். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. ஒன்பது மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

மாநகராட்சியிலிருந்து எஸ்தர் அம்மா வந்தார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வாரம் ஒரு தடவை வருவார். கட்டிய துணியை அவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தார். "சுத்தமா இருக்கு சார்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் எப்போதும் சொல்லுவார். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றேன். வேண்டாம் என்று படியிறங்கிவிட்டார்.

முன்பு ஒரு நாள் அவர் வந்தபோது நடந்ததை இந்த நோட்டில் எழுத அவசியமில்லை. நோட்டு மேசைமேல் கிடக்கிறது. யார் கையிலும் படலாம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

1.025. 26.6. மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யுமே ஒரு சிவப்பு இறால், அது கல்லிடுக்கில் மல்லாந்து கிடந்தது. சட்டை உரித்திருக்கிறது என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் உள்ளே இறால் இருந்தது. ஒரு வருஷமாக இருந்த இறால். தண்ணீரை மூன்று தடவை சோதித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் செத்திருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

மீன் வயிறு உள்வாங்கியிருக்கிறது. முதுகின் இருபக்கமும் ஒரு பள்ளம் தெரிகிறது. முன்பெல்லாம் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூச்சிகள் ஓடும். பூதக்கண்ணாடி வைத்துக் கால் மணி நேரம் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

பாயிடம் போய், அவர் வளர்க்கும் பூச்சித் தண்ணீர் இரண்டு பாட்டில் வாங்கிவந்து கல்லிடுக்குகளில் ஊற்றினேன். ஒரு பாட்டிலில் ஆயிரக்கணக்கில் இருக்கும். மீன் ஓடி ஓடிக் கொத்தியது. பார்க்கவே பாவமாக இருந்தது, அத்தனை பசி.

செப்டம்பர் 3, செவ்வாய்

பூச்சி ஒன்றையும் காணோம். இரண்டே நாளில் இரண்டு பாட்டிலும் காலி. ஒரு சுண்டுவிரல் மீன் அவ்வளவு தின்றிருக்க முடியாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

கலீல் பாய் வீட்டுக்கே வந்தார். அவர் எந்த வாடிக்கையாளர் வீட்டுக்கும் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தொட்டி முன்னால் முழங்காலிட்டு அரை மணி நேரம் பார்த்தார். பம்ப்பைக் கழற்றினார், முகர்ந்தார், மாட்டினார். சுகந்தி டீ கொடுத்தாள். மணி ஐந்து ஆனது. டப்பாவை எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஆரம்பித்தாள். திரைச்சீலை, செருப்பு அலமாரி, மேசையின் பின்பக்கம். பாய் டீயைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த காற்று பம்ப்பைப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார்.

கீழே கேட்டருகே வந்ததும்தான் வாய் திறந்தார். அந்த பம்ப் அறையிலுள்ள காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. காற்றில் மருந்து இருந்தால் அதுவும் தண்ணீருக்குள் போகும். மீனை அது உடனே ஒன்றும் செய்யாது. இறாலும் கல்லிலுள்ள பூச்சியும் தப்பாது.

"கொசுவக் கொல்ற மருந்து இந்தப் பூச்சிய மட்டும் விட்டுருமா சார்? தீனியே செத்துப்போச்சு. மீன் எதத் தின்னும்?"

என்ன செய்யலாம் என்றேன். மருந்தை நிறுத்த வேண்டும், அல்லது மீனைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும். இப்படியே போனால் மூன்று வாரம் தாங்கும் என்றார். "அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? டெங்குவில் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய், மீனுக்கு ஆகவில்லை, கொசு மருந்து அடிக்காதே என்று சொல்ல எந்த வாய்க்குத் துணிச்சல் வரும்? வேறு யாராவது சொல்லலாம். நான் சொல்லக் கூடாது.

இன்று ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் பம்ப்பை நிறுத்தினேன். தொட்டியை ஈரப் போர்வையால் மூடினேன். சுகந்தி டப்பாவோடு வந்து போர்வையைப் பார்த்தாள். தூசி என்றேன். சரி என்றாள். ஆனால் மேசையின் பின்பக்கம் வழக்கத்தைவிடக் குறைவாக அடித்தாள்போல் தோன்றியது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 14, சனி

சோடா பாட்டிலைக் குறுக்கே வெட்டித் தலைகீழாக நிறுத்தி, உப்புத் தண்ணீரில் இறால் முட்டையைப் பொரிய வைத்தேன். ஒன்றரை நாளில் ஆரஞ்சு நிறத் தூளாக ஆயிரம் குஞ்சுகள் நீந்தின. நீளக் குழாயால் மீனின் வாயருகே விட்டேன். முதலில் திரும்பிக்கொண்டது. பிறகு ஒன்று, இரண்டு. மொத்தம் பதினொன்று தின்றது. பதினொன்றையும் நின்று எண்ணினேன்.

சத்தமாக "சாப்பிட்டுச்சு" என்று சொல்லிவிட்டேன். அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு நாளும், உள்ளே போய்விட்டு வெளியே வருகிற ஒவ்வொரு தடவையும் சுகந்தி என்னிடம் கேட்ட கேள்வி, ஏதாவது சாப்பிட்டாளா என்பதுதான். சற்று நேரம் கழித்துக் குழாயை மறுபடி திறந்தாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தொடவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

1.025. 26.5. இந்த எண்களைப் பார்த்தால் உலகத்திலேயே சிறந்த தொட்டி என்னுடையதுதான்.

வேலை விஷயம் ஒன்று. ஒரு மளிகைக் கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டிக் காய்ந்து கிடந்தது. எடை தவறாகக் காட்டியது. கடைக்காரர் வயசானவர், கையெடுத்துக் கும்பிட்டு, வேணும்னு செய்யல சார், கவனிக்காம விட்டுட்டேன் என்றார். கவனிக்காமல் விட்டேன் என்பது ஒரு காரணமே இல்லை என்று சொல்லி வழக்கு எழுதினேன். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவரும் வாக்கியம் அது. இன்று சொல்லி முடித்த பிறகு பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. கடைக்காரரே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஊருக்கு உபதேசம்.

செப்டம்பர் 23, திங்கள்

மீனின் தலை பெரிதாகவும் உடம்பு சிறிதாகவும் தெரிகிறது. உடம்பு வாட வாடத் தலை மட்டும் அப்படியே இருக்கிறது. நிறம் ஒன்றும் குறையவில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் எவ்வளவு அழகு என்பார்கள்.

பாயிடம் கொடுத்துவிடலாம் என்று வலையை எடுத்தேன். மீன் ஓடக்கூட இல்லை, வலைக்குள் தானே நடந்து வந்தது. அதை மறுபடி கல்மேல் விட்டுவிட்டேன். ஒரு வருஷம் பொறு என்று சொல்லி, பொறுத்திருந்தவளுக்கு வாங்கி வந்த மீன். அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் நான் அவளுக்காகச் செய்தது என்று என்னதான் மிச்சம்? இது மீன்மேல் உள்ள அக்கறை இல்லை, சுயநலம். எழுதும்போதே தெரிகிறது.

செப்டம்பர் 27, வெள்ளி

ஆபீஸிலிருந்து ஐந்தேகாலுக்கு வந்தேன். படியேறும்போதே ஏதோ ஒன்று குறைந்தது. கதவைத் திறந்த பிறகுதான் புரிந்தது, மருந்து வாசனை இல்லை.

சுகந்தி தொட்டி முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இந்த நோட்டு.

"நேத்தே படிச்சேன். நேத்து சாயங்காலத்துலேர்ந்தே அடிக்கல. நீங்க கவனிக்கல" என்றாள். நேற்று நான் வர எட்டு மணியாகிவிட்டது, இன்று காலையும் அவசரமாகக் கிளம்பிவிட்டேன், உண்மைதான். "பாய் சொல்லி இருபது நாளாச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவ ஆசப்பட்ட மீனு. நான் என் கையாலயே…" முந்தானையால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தாள்.

உன் தப்பு இல்லை என்றேன். நோட்டை மூடி மேசைமேல் வைத்தாள். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி எழுதிய பக்கத்தின் ஓரம் மடிந்திருந்தது. ஒருவேளை நானே மடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்க நாளை ஆள் வருகிறான். பாதித் தண்ணீரை மாற்றினேன். மருந்தை உறிஞ்சக் கரித்துண்டுப் பை இரண்டு போட்டேன். பாய் நான்கு பாட்டில் பூச்சி கொடுத்தனுப்பினார்.

செப்டம்பர் 30, திங்கள்

கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடுகின்றன. மூன்றாவது நாளாகச் சாகாமல் இருக்கின்றன. மீன் அவற்றைப் பார்க்கிறது. கொத்தத் தலையைச் சாய்க்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. பட்டினி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் தீனி வந்தாலும் உடம்பு ஏற்காது என்று பாய் போனில் சொன்னார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. நாளை நவராத்திரி ஆரம்பம். சாவு விழுந்த வீடு, வருஷம் திரும்பவில்லை, அதனால் கொலு இல்லை. இனி எந்த வருஷமும் வேண்டாம், பொம்மைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சுகந்தி காலையில் சொன்னாள். நான் ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். கடைசிப் பெட்டி அட்டைப்பெட்டி. மேலே ஸ்கெட்ச் பேனாவில் "பார்க். தொடாதே" என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்து.

அதைத் திறக்க வேண்டாம் என்றேன். சுகந்தி திறந்தாள்.

உள்ளே நீல டிரம்மின் மூடி. அதில் மண் பரப்பி, போன வருஷம் கொலுப்படிக்குக் கீழே தாரிணி வைத்த பூங்கா. கடுகு விதைத்து முளைத்த பயிர் நூல்நூலாகக் காய்ந்து நின்றது. நடுவில் குளத்துக்கு ஒரு கைக்கண்ணாடி. கரையில் பிளாஸ்டிக் வாத்து, ஒரு பெஞ்சு. எதுவுமே கலையாமல் அப்படியே தூக்கிப் பெட்டியில் வைத்திருந்தாள். அடுத்த வருஷத்துக்கு என்று.

இருவரும் தரையில் உட்கார்ந்தோம். சுகந்திதான் முதலில் பேசினாள்.

"மூடி எங்க போச்சுன்னு தெரியலன்னு நோட்டுல எழுதியிருக்கீங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன். வட்டமா இருக்கே, பார்க்குக்கு நல்லா இருக்கும்னு நான்தான் அவளுக்குக் குடுத்தேன். திருப்பி மூட மறந்துட்டேன். என் தப்பு. அவ சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்?"

சாவு முடிந்த நான்காம் நாள் எஸ்தர் அம்மா வந்து நீல டிரம்மைக் கவிழ்த்தபோது தான் கதவுக்குப் பின்னால் நின்றதாகச் சொன்னாள். தண்ணீரில் நெளிந்த புழுக்களைப் பார்த்திருக்கிறாள். வெளியில் சொல்ல வேண்டாம் அம்மா என்று நான் எஸ்தரைக் கேட்டுக்கொண்டதையும் கேட்டிருக்கிறாள். ஜனவரியில் ஏதோ பாத்திரம் எடுக்கப் பரண் ஏறியபோது இந்த மூடியைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, நான் பார்த்துவிடக் கூடாது என்று பெட்டியை உள்ளே தள்ளி வைத்திருக்கிறாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் சொன்னது பொய். மூடியை எடுத்த அன்று, போன வருஷம் இதே அமாவாசை மத்தியானம், சுகந்தி வீட்டிலேயே இல்லை. மயிலாப்பூருக்குப் பொம்மை வாங்கப் போயிருந்தாள். பிள்ளை யாரையும் கேட்காமல் மூடியை எடுத்துவிட்டாள், அதனால்தான் அவளுக்கே அப்படி ஆகிவிட்டது என்று இவள் தனக்குள் முடிவுகட்டியிருக்கிறாள். அந்தப் பழி செத்துப்போன பிள்ளைமேல் விழக் கூடாது, நான்கூட அப்படி நினைத்துவிடக் கூடாது என்று ஒன்பது மாதமாக ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள்.

நானும் இந்த நோட்டில் பொய்தான் எழுதியிருக்கிறேன். எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். அன்று நான் தொட்டித் தண்ணீரில் உப்பளவு பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புமானியின் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்திருந்தேன். தாரிணி பின்னால் வந்து நின்றாள். "அப்பா, டிரம் மூடிய எடுத்துக்கட்டுமா? பத்தே நாள். கொலு முடிஞ்சதும் குடுத்துடறேன்" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதன் பிறகு டிரம் திறந்து கிடந்ததை இரண்டு தடவை பார்த்தேன். ஒரு தட்டாவது வைத்து மூட வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு தடவையும் நாளைக்குச் செய்யலாம் என்று விட்டுவிட்டேன். கொலு முடிந்தும் மூடியைத் திருப்பிக் கேட்கவில்லை.

இதையெல்லாம் சுகந்தியிடம் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள், எழுந்து போய்விடுவாள், இனி என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுட்டுத்தான் எடுத்தாளா?" என்றாள்.

"கேட்டுட்டுத்தான் எடுத்தா."

"உங்களக் கேட்டா? நீங்க சரின்னீங்க?"

"சரின்னேன்."

மூடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை. "எம்புள்ள கேட்டுட்டுத்தான் எடுத்திருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என்மேல் அவளுக்குக் கோபம் வரும். இன்றில்லை, பிறகு வரும். வர வேண்டும். நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அக்டோபர் 3, வியாழன்

சுகந்தி பேசவில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைத்தாள். தண்ணீர் அளவு பார்க்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

பட்டாசு இன்று காலை இறந்துபோனது. அதுதான் தாரிணி அதற்கு வைத்த பெயர். போன வருஷம் கடையில் அதன் நிறத்தைப் பார்த்த உடனே, "அப்பா, பட்டாசு" என்றாள்.

உயிர்க்கல்லுக்குக் கீழே மணலில் படுத்திருந்தது. நிறம் அப்போதும் போகவில்லை. கண்ணாடி முழுக்கப் பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. பாய்க்குப் போன் செய்தேன். தொட்டியைக் கலைத்துவிடாதீர்கள் சார் என்றார். பார்க்கலாம் என்றேன்.

எங்கே புதைப்பது என்று தெரியவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கிறவர்களுக்கு ஏது மண்? மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று நாளைக்குப் பிறகு சுகந்தி முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"இதுல வைங்க" என்றாள். மூடியைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

கைக்கண்ணாடிக் குளத்துக்குப் பக்கத்தில், வாத்துக்கு அருகே, கரண்டிக் காம்பால் மண்ணைத் தோண்டிப் பட்டாசை வைத்து மூடினேன். காய்ந்த கடுகுப் பயிரைச் சுகந்தி ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தாள். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை கடுகு கொண்டுவந்து மண்மேல் தூவினாள். விரல் நுனியால் தண்ணீர் தெளித்தாள். எங்காவது தேங்கி நிற்கிறதா என்று இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தோம்.